ஊர் ஓட்டா, இருக்கிற இடத்து ஓட்டா? வாக்காளர் பட்டியலில் பெயர் இல்லாதவன் இப்போது என்ன செய்வது?

நூல்கண்டு:

எல்லாருக்கும் வணக்கம். திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் வேலை. வயது 34. சொந்த ஊர் சாத்தான்குளம் பக்கம் ஒரு கிராமம். இங்கே வந்து பதினோரு வருஷம் ஆகிறது. லைன் வீட்டில் வாடகைக்கு இருக்கிறேன்.

2024 நாடாளுமன்றத் தேர்தலுக்கு, ஏப்ரல் 18 ராத்திரி மதுரை வரைக்கும் பஸ்ஸில் நின்றுகொண்டே போய், அங்கே வேறு பஸ் பிடித்து, விடியும்போது ஊர் போய்ச் சேர்ந்தேன். குளித்துவிட்டு எட்டு மணிக்கெல்லாம் நான் படித்த பள்ளிக்கூடத்து வரிசையில் நின்றேன். உள்ளே பட்டியல் வைத்திருந்தவர் விரலை ஓட்டி மேலிருந்து கீழே இரண்டு தடவை தேடினார். பெயர் இல்லை. "அட்டை இருக்கே சார்" என்றேன். "அட்டை இருக்கு தம்பி, பட்டியல்ல இல்லையே" என்றார். எனக்குப் பின்னால் நின்ற பக்கத்து வீட்டுப் பெரியம்மா மை வைத்த விரலோடு வெளியே வந்து, "நீ போடலையாய்யா?" என்று கேட்டார். பதில் சொல்ல முடியவில்லை. மத்தியானமே பஸ் ஏறிவிட்டேன்.

இப்போது எஸ்.ஐ.ஆர்., அதாவது வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம், நடந்து 2025 டிசம்பரில் வரைவுப் பட்டியலும் வந்துவிட்டது. லைன் வீட்டுக்கு பிஎல்ஓ (வீடு வீடாக வந்து பட்டியலைச் சரிபார்க்கிற வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்தபோது, பட்டியலில் ஏற்கெனவே இருப்பவர்களுக்குத்தான் அச்சடித்த படிவம், உங்கள் பெயரில் எதுவும் இல்லை என்று சொல்லிவிட்டார். இந்தத் தடவையும் விட்டுவிடக் கூடாது. ஊரில் சேர்ப்பதா, திருப்பூரில் சேர்ப்பதா? ஆதாரில் ஊர் முகவரிதான். வாடகைக்கு எழுத்து ஒப்பந்தம் எதுவும் கிடையாது. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கரிசல்காடு:

தம்பி, ஊரிலேயே சேர்த்துவிடு. நானும் கோவில்பட்டிப் பக்கம்தான், சென்னையில் இருபது வருஷமாக இருக்கிறேன், ஓட்டு ஊரில்தான். நம்ம கண்மாய் தூர் வாரினானா, நம்ம ஊருக்கு பஸ் விட்டானா என்பது எனக்குத் தெரியும். நான் குடியிருக்கும் தெருவில் யார் கவுன்சிலர் என்றுகூட எனக்குத் தெரியாது. அம்மா அப்பா இருக்கிற இடத்துக்கு ஓட்டுப் போடுவதில்தான் அர்த்தம் இருக்கிறது.

மல்லிகா டீச்சர்:

கரிசல்காடு தம்பி சொல்வதில் இருக்கிற பாசம் எனக்குப் புரிகிறது. ஆனால் சட்டம் வேறு மாதிரி சொல்கிறது. நான் ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை. ஆறு வருஷம் பிஎல்ஓ வேலை பார்த்தேன். அதற்கு முன்னாலும் பின்னாலும் பல தேர்தல்களில் வாக்குச்சாவடியில் உட்கார்ந்திருக்கிறேன்.

1950ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 19, 20 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. ஒருவர் எந்தத் தொகுதியில் 'சாதாரணமாகக் குடியிருக்கிறாரோ' அங்கேதான் பெயர். சொந்த வீடு இருக்கிறது என்பதற்காக மட்டும் அந்த ஊரில் குடியிருப்பவராக ஆகிவிட முடியாது என்று 20ஆம் பிரிவு தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. அதே சமயம், கொஞ்ச நாள் வெளியூர் போய் வந்தால் குடியிருப்பு போய்விடாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. மூன்று மாதம் கரும்பு வெட்டப் போகிறவர் ஊர்க்காரர்தான். பதினோரு வருஷம் திருப்பூரில் சோறு பொங்கிச் சாப்பிடுகிறவர் திருப்பூர்க்காரர். நான் வீடு வீடாகப் போனபோது கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "ராத்திரி எங்கே படுக்கிறீங்க?"

நூல்கண்டு தம்பி, உங்கள் பெயர் ஊரில் எப்படிப் போயிருக்கும் என்று என்னால் ஊகிக்க முடிகிறது. பூட்டின வீடு, பக்கத்தில் கேட்டால் "அவன் திருப்பூர்ல இருக்கான்" என்றிருப்பார்கள். 'இடம் மாறியவர்' என்று எழுதியிருப்பார்கள். நீக்குவதற்கு முன்னால் நோட்டீஸ் கொடுத்துத்தான் ஆகவேண்டும். அது அந்தப் பூட்டின கதவுக்குப் போயிருக்கும். இந்த வரைவில் தமிழ்நாடு முழுக்க 97 லட்சம் பெயருக்கு மேல் இல்லாமல் போயிருக்கிறது. அதில் 66 லட்சத்துக்கு மேல் இடம் மாறியவர்கள், முகவரியில் காணாதவர்கள் என்ற கணக்கு. அந்த 66 லட்சத்தில் எத்தனை பேர் புது இடத்தில் பதிவு செய்தார்கள் என்பதுதான் எனக்கு ராத்திரித் தூக்கத்தைக் கெடுக்கிற கேள்வி. பழைய இடத்தில் எடுப்பது தானாக நடந்துவிடும். புது இடத்தில் சேர்ப்பது நாம் கேட்டால்தான் நடக்கும்.

திருப்பூரில் சேருங்கள். தயங்கவே வேண்டாம்.

கரிசல்காடு:

டீச்சர், இரண்டு இடத்திலும் வைத்துக்கொண்டு ஒரு இடத்தில் மட்டும் போட்டால் என்ன தப்பு? ரொம்பப் பேர் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள்.

மல்லிகா டீச்சர்:

தப்புத்தான் தம்பி. 17ஆம் பிரிவு இரண்டு தொகுதியில் பெயர் கூடாது என்கிறது, 18ஆம் பிரிவு ஒரே தொகுதியில் இரண்டு தடவை கூடாது என்கிறது. வேறு எங்கும் பெயர் இல்லை என்று படிவத்தில் கையெழுத்துப் போடுகிறோம் இல்லையா, அது பொய்யாக இருந்தால் 31ஆம் பிரிவுப்படி ஒரு வருஷம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும்.

உங்களுக்குச் சென்னையில் பெயர் வேண்டுமென்றால் படிவம் 8 கொடுங்கள். ஊரில் இருக்கிற பெயர் அப்படியே இங்கே மாறும், அட்டை எண்ணும் அதேதான். முன்பு தொகுதிக்குள் மாற 8ஏ, அட்டை தொலைந்தால் இன்னொரு படிவம் என்று தனித்தனியாக இருந்தது. 2022 ஆகஸ்டிலிருந்து இடமாற்றம், திருத்தம், மாற்று அட்டை, மாற்றுத்திறனாளி என்று குறிப்பது எல்லாம் 8இலேயே.

நூல்கண்டு:

நன்றி டீச்சர். எனக்கும் 8தானா?

மல்லிகா டீச்சர்:

இல்லை. உங்கள் பெயர் எந்தப் பட்டியலிலும் இல்லை. இல்லாத பெயரை மாற்ற முடியாது. அதனால் படிவம் 6. இப்போது அதோடு எஸ்.ஐ.ஆர். உறுதிமொழிப் படிவமும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். படிவம் 6இல் 'முதல் முறையாக விண்ணப்பிக்கிறேன்' என்ற வாசகம் இருக்கும். முன்பு ஓட்டு இருந்தவர்கள் அதைப் பார்த்துப் பயப்படுகிறார்கள். வரைவில் விடுபட்டவர்களும் இந்தப் படிவத்தைத்தான் கொடுக்க வேண்டும் என்று தேர்தல் ஆணையமே சொல்லியிருக்கிறது. பழைய அட்டை இருப்பதை மறைக்க வேண்டாம், பிஎல்ஓவிடம் காட்டிவிடுங்கள்.

வயதுக்குப் பத்தாம் வகுப்புச் சான்றிதழ் போதும். முகவரிக்குத்தான் வாடகைக்காரர்கள் சிரமப்படுவார்கள். பதிவு செய்த வாடகை ஒப்பந்தம்தான் கணக்கில் வரும், வெறும் தாளில் எழுதினது ஆகாது. கரண்ட் பில் வீட்டுக்காரர் பெயரில் இருக்கும். உங்கள் பெயரில் கேஸ் இணைப்பு இருக்கிறதா? அந்த முகவரியில் ஒரு வருஷமாவது ஆகியிருந்தால் அது போதும். பேங்க் பாஸ்புக்கில் திருப்பூர் முகவரி இருந்தாலும் சரி. எதுவுமே இல்லையென்றாலும் விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்ப முடியாது. நேரில் வந்து விசாரித்து முடிவு செய்ய வேண்டும்.

நூல்கண்டு:

கேஸ் புத்தகம் என் பெயரில் இருக்கிறது, நாலு வருஷமாக! அது ஆவணம் என்றே எனக்குத் தோன்றவில்லை.

உறுதிமொழிப் படிவத்தில், நம் பெயரோ அப்பா அம்மா பெயரோ 2002 பட்டியலில் எங்கே இருக்கிறது என்ற விவரம் கேட்கிறார்கள். அப்போது எனக்குப் பதினோரு வயது. அப்பா 2011இல் இறந்துவிட்டார். அவர் விவரத்தை எங்கே போய்த் தேடுவது?

வானம்பாடி:

இதற்கு நான் பதில் சொல்கிறேன், போன மாதம்தான் என் அம்மா பெயரைத் தேடி எடுத்தேன். தமிழ்நாட்டில் இதற்கு முன் தீவிரத் திருத்தம் நடந்தது, தொகுதியைப் பொறுத்து 2002இல் அல்லது 2005இல். அந்தப் பட்டியல்கள் தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் இருக்கின்றன.

ஒன்றை மறந்துவிடாதீர்கள். அந்தப் பட்டியல் பழைய தொகுதிப்படி இருக்கும். 2008 மறுவரையறைக்கு முன்பு உங்கள் பக்கம் 'சாத்தான்குளம்' என்றே ஒரு சட்டமன்றத் தொகுதி இருந்தது. இப்போது அந்தப் பெயரில் தொகுதி கிடையாது. இன்றைய தொகுதிப் பெயரில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. மாவட்டம் தூத்துக்குடி, தொகுதி சாத்தான்குளம் என்று போய், பாகத்தின் (ஒரு வாக்குச்சாவடிக்கு உரிய பட்டியல்) தலைப்பில் உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் பெயர் எதில் வருகிறது என்று பாருங்கள். பெயரைத் தட்டிப் பார்ப்பதைவிட, பாகத்தைத் திறந்து தெருவாரியாகப் படிப்பது நல்லது. எங்கள் அம்மா பெயர் 'மாரியம்மாள்'. பட்டியலில் 'மாரிஅம்மள்' என்று இருந்தது. எந்தத் தேடலில் அது வரும்? பக்கத்து வீட்டுக்காரர்கள் பெயரை வைத்துத்தான் கண்டுபிடித்தேன்.

நூல்கண்டு:

கிடைத்துவிட்டது.

ராத்திரி ஷிப்ட் முடிந்து வந்து, போனில் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் தெரு, பெரியப்பா வீடு, அடுத்த வரியில் அப்பா பெயர். ஆண், வயது 42. அதற்குக் கீழே அம்மா. அப்பாவின் பெயரை அச்சில் பார்த்து ரொம்ப வருஷம் ஆகிறது. மனைவியை எழுப்பிக் காட்டினேன். வானம்பாடிக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை.

மல்லிகா டீச்சர்:

சந்தோஷம் தம்பி. பாக எண், வரிசை எண் இரண்டையும் தனியாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அம்மாவின் விவரத்தையும் எழுதி வையுங்கள், ஒன்றில் எழுத்துப்பிழை என்றால் மற்றொன்று கைகொடுக்கும்.

ஆன்லைனில் போடுகிறீர்கள் என்றால் இன்னொரு விஷயம். ஆங்கிலத்தில் பெயரைத் தட்டினதும் தமிழ்ப் பெட்டியில் அதுவாகவே ஒரு பெயர் வந்து உட்காரும். அதை அப்படியே விட்டுவிடுகிறவர்களால்தான் பாதி அட்டையில் தப்பு. தாமரைச்செல்வி 'தமரைசெல்வி' ஆகிவிடுவாள். அந்தப் பெட்டிக்குள் போய் நாமே திருத்தலாம், திருத்தவும் வேண்டும். குடும்பப்பெயர் என்று ஒரு கட்டம் வரும். நமக்கு அது கிடையாது, காலியாக விடலாம். இனிஷியலை ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே போடுங்கள். கல்யாணம் ஆன பெண்களுக்கு ஒன்றில் அப்பா இனிஷியல், இன்னொன்றில் கணவர் இனிஷியல் என்று இருக்கும், அதனாலேயே நிறைய அலைச்சல்.

பழைய நெசவு:

டீச்சர் பெண்கள் பெயரைப் பற்றிச் சொன்னதும் ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நாட்டின் முதல் பொதுத்தேர்தலுக்கு, 1951-52இல், பட்டியல் தயாரித்தபோது வட மாநிலங்களில் நிறையப் பெண்கள் தங்கள் பெயரைச் சொல்லவில்லை. இன்னாரின் மனைவி, இன்னாரின் தாய் என்றே பதிவானார்கள். அப்போதைய தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. பெயரில்லாமல் பட்டியல் இல்லை என்று சுமார் 28 லட்சம் பெண்களின் பதிவு நீக்கப்பட்டது. கடுமையான முடிவுதான், அந்தத் தேர்தலில் அவர்களுக்கு ஓட்டு இல்லாமல் போனது. ஆனால் பெண்ணுக்குத் தன் பெயரிலேயே ஓட்டு என்பது அங்கேதான் நிலைத்தது. என் பாட்டி தன் பெயரை எழுதக் கற்றதே ஓட்டுச்சாவடியில் கைநாட்டு வைக்கக் கூடாது என்றுதான்.

வைகை17:

அக்கா, அண்ணன்களுக்கு வணக்கம். நான் மதுரையில் ஹாஸ்டலில் தங்கி முதலாமாண்டு படிக்கிறேன். வீடு கம்பம். வருகிற ஜூனில் 18 முடியும். இந்த 2026 சட்டமன்றத் தேர்தலில் எனக்கு ஓட்டு உண்டா?

மல்லிகா டீச்சர்:

கண்ணு, இந்தத் தேர்தலுக்கு முடியாது. முன்பெல்லாம் ஜனவரி 1 ஒன்றுதான் கணக்கு. அன்றைக்கு 18 முடியவில்லை என்றால் ஒரு வருஷம் காத்திருக்க வேண்டும். இப்போது ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என்று நான்கு தேதி. உனக்கு ஜூலை 1. ஆனால் 17 முடிந்திருப்பதால் இப்போதே படிவம் 6 கொடுக்கலாம். எடுத்து வைத்திருந்து, உரிய தேதி வந்ததும் சேர்ப்பார்கள். அதற்குப் பிறகு வருகிற எந்தத் தேர்தலுக்கும் நீ தயார். உள்ளாட்சித் தேர்தலை நடத்துவது மாநிலத் தேர்தல் ஆணையம், அது வேறு அமைப்பு. ஆனால் பெயர் எடுப்பது இந்தச் சட்டமன்றப் பட்டியலிலிருந்துதான்.

ஹாஸ்டலா வீடா என்பதை மாணவர்கள் தாங்களே தேர்ந்தெடுக்கலாம். இரண்டில் ஒன்று மட்டும். உன் வகுப்பில் டிசம்பருக்குள் 18 முடிந்தவர்கள் இருப்பார்களே, அவர்களிடம் சொல். அவர்களுக்கு இந்தத் தேர்தலிலேயே உண்டு.

வைகை17:

சரிங்க டீச்சர். ஏமாற்றமாக இருக்கிறது, ஆனால் படிவம் கொடுத்துவிடுகிறேன். எங்கள் பிளாக்கில் ஒன்பது பேருக்கு 18 ஆகிவிட்டது. யாருமே இன்னும் போடவில்லை. இன்று ராத்திரி எல்லாரையும் உட்கார வைக்கப் போகிறேன்.

அக்கரைச்சீமை:

நான் துபாயில் இருக்கிறேன், சொந்த ஊர் கீழக்கரை. என் பழைய ஓட்டு போய்விட்டது. இங்கிருந்தே போட வழி இருக்கிறதா?

தஞ்சாவூரான்:

நான் சிங்கப்பூரில் இருந்தபோது செய்தது. படிவம் 6ஏ என்று தனியாக இருக்கிறது. 2010இல் சட்டத்தில் 20ஏ பிரிவைச் சேர்த்தார்கள், வெளிநாட்டில் இருக்கிற இந்தியக் குடிமக்களுக்காக. பாஸ்போர்ட்டில் இருக்கிற ஊர் முகவரித் தொகுதியில் பெயர் வரும், பட்டியலின் கடைசியில் தனிப் பகுதியாக. அட்டை தர மாட்டார்கள். சாவடிக்கு பாஸ்போர்ட் அசலை எடுத்துப் போக வேண்டும், வேறு எதுவும் செல்லாது. ஓட்டு நேரில் வந்துதான் போட முடியும். தபாலிலோ தூதரகத்திலோ போட இன்றுவரை வழி இல்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டால் 6ஏவும் கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கின இந்திய வம்சாவளியினருக்குத் தருகிற ஓசிஐ அட்டை ஓட்டுரிமை தராது.

டிக்கெட் காசு பெரிய காசுதான். ஆனாலும் பெயரைச் சேர்த்து வையுங்கள். லீவு எப்போது அமையும் என்று யாருக்குத் தெரியும்.

தெருவிளக்கு:

இந்த இழையைப் படிக்கிறவர்களில் யாருக்காவது உதவும் என்று எழுதுகிறேன். சென்னையில் வால்டாக்ஸ் சாலைப் பக்கம் நடைபாதையில் குடியிருக்கிற குடும்பங்களுக்குப் படிவம் எழுதிக் கொடுக்கிறோம். மூன்று தலைமுறையாக அதே நடைபாதை. முகவரிச் சான்று என்று ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. அவர்களுக்கு ஓட்டு இல்லை என்று பலரும் நினைக்கிறார்கள், அவர்களே அப்படித்தான் நினைக்கிறார்கள்.

அது உண்மையில்லை. வீடு இல்லாதவருக்கு முகவரி ஆவணம் தேவையில்லை என்பது தேர்தல் ஆணையத்தின் விதியிலேயே இருக்கிறது. படிவத்தில் எழுதிய இடத்துக்கு பிஎல்ஓ ராத்திரியில் வந்து, அவர் அங்கேதான் படுக்கிறாரா என்று பார்க்க வேண்டும். ஒரு ராத்திரி மட்டும் அல்ல, ஒன்றுக்கு மேற்பட்ட ராத்திரி. அப்படி ஒரு ராத்திரி நானும் உடன் போனேன். மணி பதினொன்றரை. மூடின கடை ஷட்டருக்குக் கீழே கொசுவலை கட்டி ஒரு அம்மா பேரனோடு படுத்திருந்தார். பிஎல்ஓ டார்ச்சைத் தரைப்பக்கம் தாழ்த்திப் பிடித்துக்கொண்டு, மெதுவாகப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அந்த அம்மா எழுந்து உட்கார்ந்து, முதலில் தலையைக் கோதி முடிந்துகொண்டு, அப்புறம்தான் பதில் சொன்னார். இடத்துக்கு அடையாளமாகக் கடைக் கதவு எண்ணையும் மின்கம்பத்து எண்ணையும் எழுதினோம். அவருக்கு அட்டை வந்த அன்று அதைப் பாலித்தீன் கவரில் போட்டு ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டார்.

மல்லிகா டீச்சர் சொன்ன "ராத்திரி எங்கே படுக்கிறீங்க" என்ற கேள்வியைப் படித்ததும் அவர் முகம்தான் நினைவுக்கு வந்தது.

கரிசல்காடு:

இதைப் படித்த பிறகு என்னால் பழையபடி பேச முடியவில்லை. அந்த அம்மா படுக்கிற இடத்தில் ஓட்டு வாங்கியிருக்கிறார். நான் இருபது வருஷம் சென்னையில் தண்ணீர் குடித்துக்கொண்டு கவுன்சிலர் பெயர் தெரியாது என்று எழுதியிருக்கிறேன். யோசிக்கிறேன் டீச்சர். ஊரை விடுவது லேசில்லை.

மல்லிகா டீச்சர்:

மெதுவாக யோசியுங்கள். ஆனால் காலக்கெடு நமக்காகக் காத்திருக்காது. வேட்புமனு தாக்கலுக்குக் கடைசி நாள் முடிந்துவிட்டால் பட்டியலில் ஒரு பெயரும் சேர்க்க முடியாது, அது 23ஆம் பிரிவு. விண்ணப்பம் வந்ததும் ஆட்சேபணைக்கு ஏழு நாள் விட வேண்டும் என்பதால், மனு தாக்கல் கடைசி நாளுக்குப் பத்து நாள் முன்னாலேயே கொடுத்திருக்க வேண்டும். தேதி அறிவித்த பிறகு ஓடி வருகிறவர்களைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் கண்ணீரோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

நிராகரித்தால் மேல்முறையீடு உண்டு. மாவட்டத் தேர்தல் அதிகாரியான கலெக்டரிடம் பதினைந்து நாளுக்குள், அங்கேயும் இல்லையென்றால் தலைமைத் தேர்தல் அதிகாரியிடம் முப்பது நாளுக்குள். சந்தேகம் இருந்தால் 1950 என்ற எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

மாலைநேரம்:

எல்லாம் சரியாக இருந்தும், என் ஓட்டை வேறு யாரோ முன்னாலேயே போட்டுவிட்டால்? எங்கள் சித்திக்கு ஒரு தடவை அப்படி ஆனது. அழுதுகொண்டே திரும்பி வந்துவிட்டார்.

மல்லிகா டீச்சர்:

திரும்பி வந்திருக்கவே கூடாது. உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், தெரிந்தால் பயம் போய்விடும்.

முதல் அலுவலர் கையில் இருப்பதற்குக் குறியிட்ட பட்டியல் என்று பெயர். நம் அடையாள ஆவணத்தைப் பார்த்து வரிசை எண்ணையும் பெயரையும் உரக்க வாசிப்பார். வேட்பாளர்களின் ஏஜென்டுகள் காதில் விழ வேண்டும் என்பதற்காகத்தான் அந்தச் சத்தம். ஆட்சேபணை இல்லையென்றால் சிவப்பு மையில் பெயருக்கு அடியில் கோடு போடுவார். பெண் என்றால் கோட்டோடு ஒரு டிக்கும் போடுவார், எத்தனை பெண்கள் போட்டார்கள் என்று எண்ணுவதற்கு. இரண்டாமவர் இடது ஆட்காட்டி விரலில் மை வைத்து, பதிவேட்டில் கையெழுத்து வாங்கிச் சீட்டு தருவார். அந்தச் சீட்டை வாங்கிக்கொண்டு அடுத்தவர் இயந்திரத்தைத் திறந்துவிடுவார். பொத்தானை அழுத்தினதும் பக்கத்துப் பெட்டியின் கண்ணாடியில் ஏழு வினாடி சீட்டுத் தெரியும். அதைப் பார்க்காமல் நகராதீர்கள்.

இப்போது சித்தி விஷயம். பெயருக்கு அடியில் ஏற்கெனவே சிவப்புக் கோடு இருந்தால், தலைமை வாக்குச்சாவடி அலுவலரிடம் போய், "நான்தான் அவள், எனக்கு டெண்டர் ஓட்டு வேண்டும்" என்று கேட்க வேண்டும். தேர்தல் நடத்தும் விதிகளில் 49-பி (ஆங்கில P) விதி. நீங்கள்தான் என்று அவர் விசாரித்துத் தெரிந்துகொண்டால் தந்தே ஆக வேண்டும். அது இயந்திரத்தில் இல்லை, காகித வாக்குச்சீட்டில். ஒவ்வொரு சாவடிக்கும் இருபது சீட்டு இதற்கென்றே கொடுத்திருப்பார்கள். முத்திரை குத்தி மடித்துக் கொடுத்தால் தனி உறையில் வைத்து சீல் வைப்போம். வழக்கமான எண்ணிக்கையில் அது சேராது. வழக்கு என்று போனால் நீதிமன்றம் கேட்கும்போது பிரிப்பார்கள். எண்ண மாட்டார்கள் என்றால் எதற்கு என்று கேட்பீர்கள். உங்கள் பெயரில் திருட்டு நடந்தது என்பதற்கு அரசாங்கக் காகிதத்தில் இருக்கிற ஒரே சாட்சி அதுதான்.

அதே மாதிரி, இறந்தவர், இடம் மாறியவர், காணாதவர் என்று ஒரு தனிப் பட்டியலும் எங்களிடம் இருக்கும். உங்கள் பெயர் தவறாக அதில் போயிருந்தாலும் பயப்பட வேண்டாம். அடையாளத்தைக் கூடுதலாகச் சரிபார்த்து, கையெழுத்தோடு கட்டைவிரல் ரேகையும் வாங்கிக்கொண்டு போட விடுவோம். வாக்காளர் அட்டை தொலைந்துபோயிருந்தால் ஆதார், ஓட்டுநர் உரிமம், பான், பாஸ்போர்ட், போட்டோ ஒட்டின பேங்க் அல்லது போஸ்ட் ஆபீஸ் பாஸ்புக், நூறு நாள் வேலை அட்டை இவற்றில் ஒன்று போதும். ரேஷன் கார்டு செல்லாது. வீட்டுக்கு வந்து கொடுக்கிற பூத் சிலிப்பும் தனியாகச் செல்லாது.

நூல்கண்டு:

டீச்சர், எங்கள் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்கு வேலை. அன்றைக்கு லீவு போட்டால் கூலி போகும் என்று கூட வேலை பார்க்கிறவர்கள் தயங்குகிறார்கள்.

தெருவிளக்கு:

சம்பளத்தோடு விடுமுறை தர வேண்டும் நண்பரே. 1951ஆம் வருஷத்து மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 135பி (ஆங்கில B) பிரிவு. தினக்கூலிக்காரர்களுக்கும் அது பொருந்தும். அந்தப் பக்கத்தை அச்செடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஏழெட்டுப் பேர் சேர்ந்து மேனேஜரிடம் கேளுங்கள். சாயங்காலம் சாவடி மூடுகிற நேரத்துக்கு வரிசையில் நின்றாலே போதும். வரிசையின் கடைசி ஆளிலிருந்து தொடங்கி முன்பக்கமாகச் சீட்டுக் கொடுத்துக்கொண்டு வருவார்கள். சீட்டு வாங்கின எல்லாரும் போட்டு முடித்த பிறகுதான் மூடுவார்கள்.

நூல்கண்டு:

இரண்டு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, இப்போதுதான் எழுத முடிந்தது. படிவம் 6, உறுதிமொழி, கேஸ் புத்தகம், பத்தாம் வகுப்புச் சான்றிதழ் எல்லாம் கொடுத்தேன். பிஎல்ஓ ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தார். அங்கன்வாடியில் வேலை பார்க்கிற அக்கா. அப்பாவின் பாக எண்ணையும் வரிசை எண்ணையும் எழுதி வைத்திருந்ததைக் காட்டினேன். "இதை இப்படித் தயாரா வைச்சிருந்த முதல் ஆள் நீங்கதான்" என்றார். அந்தப் பாராட்டு வானம்பாடிக்கும் டீச்சருக்கும்தான் சேர வேண்டும்.

இறுதிப் பட்டியல் வந்துவிட்டது. திருப்பூர் வடக்கு. என் பெயர் இருக்கிறது, இனிஷியலோடு, எழுத்துப்பிழை இல்லாமல்.

லைன் வீட்டில் மொத்தம் பதினான்கு குடும்பம். நேற்று சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து எல்லார் பெயரையும் பட்டியலில் தேடினோம். ஏழு பேர் பெயர் எங்குமே இல்லை. அதில் நாலு பேருக்குப் படிவம் எழுதியாகிவிட்டது. மற்ற மூன்று பேருக்கும் திண்டுக்கல் பக்கம் ஊர், 2002இல் எந்தத் தொகுதியில் வரும் என்று தெரியவில்லை. வானம்பாடி இருக்கிறீர்களா?

வானம்பாடி:

இருக்கிறேன். ஊர்ப் பெயரையும் பள்ளிக்கூடத்துப் பெயரையும் மட்டும் அனுப்புங்கள், ஆட்களின் பெயரை இங்கே போட வேண்டாம். இன்று ராத்திரி பார்த்துச் சொல்கிறேன்.

கரிசல்காடு:

நானும் தேடித் தருகிறேன். என் படிவம் 8ஐ நேற்றுத்தான் கொடுத்தேன்.